சீனி போடாத பால்கோவா: சுக்ராலோஸை அளந்து போடும் முறை

எங்கள் கடைப் பலகையில் முதலில் "சுகர் ஃப்ரீ பால்கோவா" என்றுதான் எழுதி வைத்திருந்தேன். ஒரு சிட்டிகை சீனிகூடப் போடாமல், சுக்ராலோஸ் என்கிற செயற்கை இனிப்பூட்டியை மட்டும் சேர்த்துக் கிண்டிய சரக்கு அது. அதனால் பெயரில் தப்பு எதுவும் தெரியவில்லை. எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கால் கிலோ வாங்கிப் போனார். மறுநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே வந்து நின்றார்.

"தாயி, சீனியே இல்லன்னு போர்டு போட்டிருக்கே. ராத்திரி சாப்பாட்டுக்குப் பதிலா அதைத்தான் சாப்பிட்டேன். காலைல சுகர் இருநூத்தி நாப்பது காட்டுது."

அவர் சண்டைக்கு வரவில்லை. நம்பிச் சாப்பிட்ட மனிதர், என்ன நடந்தது என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கே பலகையை இறக்கிவிட்டு நோட்டும் கால்குலேட்டருமாக உட்கார்ந்தேன். அதில் தெரிந்துகொண்டதையும், அதற்குப் பிறகு பழகிக்கொண்டதையும்தான் எழுதுகிறேன். விருதுநகர் மாவட்டத்தில் என்னைப் போலச் சின்ன அளவில் இனிப்புப் போடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களிடமும் சுகர்காரர்கள் தினமும் வந்து, "எங்களுக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

முதலில் அந்தக் கணக்கு. 10 லிட்டர் பாலுக்கு நாங்கள் வழக்கமாகப் போடுவது ஒன்றேகால் கிலோ சீனி. இறக்கும்போது மூன்றரை கிலோ சரக்கு நிற்கும். சீனி போடாவிட்டால் அதே பால் சுண்டி இரண்டேகால் கிலோதான் ஆகும். பாலிலேயே லாக்டோஸ் என்கிற சர்க்கரை இருக்கிறது; 100 மில்லியில் கிட்டத்தட்ட 4.8 கிராம். 10 லிட்டரில் 480 கிராம். தண்ணீர்தான் ஆவியாகிப் போகிறது, லாக்டோஸ் எங்கும் போவதில்லை. அந்த 480 கிராமும் இரண்டேகால் கிலோவுக்குள் அடைந்துவிடுகிறது. ஆக, 50 கிராம் சீனியில்லாப் பால்கோவாவில் 10 முதல் 11 கிராம் பால் சர்க்கரை இருக்கிறது. சீனி போட்ட சரக்கில் அதே 50 கிராமுக்குச் சீனியும் லாக்டோஸும் சேர்த்து 25 கிராம் வரும். பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, உண்மை. ஆனால் இல்லாமல் போகவில்லை. வாத்தியார் சாப்பிட்ட கால் கிலோவில் 50 கிராமுக்கு மேல் லாக்டோஸ் உள்ளே போயிருக்கிறது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அதைச் சுகர் ஃப்ரீ என்று விற்கக்கூடாது, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி அது. கோவா, பால் பவுடர், பேரீச்சம்பழம் சேர்த்த எந்த இனிப்பும் அந்த வரம்புக்குள் வரவே வராது. வெல்லமும் கருப்பட்டியும் போட்டுவிட்டு "சுகர்காரர்களுக்கு ஏற்றது" என்று எழுதுகிறவர்களையும் பார்க்கிறேன். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது. கருப்பட்டிக்கு மணமும் குணமும் உண்டு, ஆனால் அதுவும் சர்க்கரைதான்.

சரி, சுக்ராலோஸுக்கு வருவோம். பாக்கெட்டில் இ 955 அல்லது ஐ.என்.எஸ். 955 என்று எழுதியிருப்பது இதுதான். சீனி மூலக்கூற்றில் மூன்று இடங்களில் குளோரினைப் பொருத்திச் செய்கிறார்கள். 1976-ல் லண்டன் குயீன் எலிசபெத் கல்லூரியில் லெஸ்லி ஹஃப் என்கிற பேராசிரியரிடம் வேலை பார்த்த சஷிகாந்த் பட்னிஸ், 'டெஸ்ட்' செய்யச் சொன்னதை 'டேஸ்ட்' என்று காதில் வாங்கிக்கொண்டு நாக்கில் வைத்துப் பார்த்தாராம். அப்படித்தான் அதன் இனிப்பு தெரிய வந்தது. சீனியைப் போல 600 மடங்கு. நம் வேலையில் வரும் சிக்கல் எல்லாம் இந்த 600-ல்தான் இருக்கிறது.

வாங்கும்போதே ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்க வேண்டும். மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் டப்பாவிலும் பொட்டலத்திலும் கிடைப்பது சுத்த சுக்ராலோஸ் இல்லை. மால்ட்டோடெக்ஸ்ட்ரின் போன்ற மாவில் கொஞ்சூண்டு சுக்ராலோஸைக் கலந்து, ஸ்பூன் கணக்கில் போட வசதியாகச் செய்தது. தொழிலுக்கு வாங்குவது சுத்தத் தூள். எங்கள் பட்டறையில் இரண்டும் ஒரே அலமாரியில் இருந்த காலம் ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்த பையன் டப்பா என்று நினைத்துச் சுத்தத் தூளில் ஒரு ஸ்பூனை அள்ளிப் போட்டுவிட்டான். அந்தச் சட்டிச் சரக்கு மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைத்தோம். தப்பு அவனுடையது இல்லை, அப்படி வைத்திருந்த என்னுடையது. இப்போது சுத்தத் தூள் பூட்டிய பெட்டியில் இருக்கிறது. மூடியில் சிவப்பு மையில் "கரைக்காமல் போடாதே" என்று எழுதியிருக்கிறேன்.

உணவுத் தரம் என்று எழுதிய, லைசென்ஸ் எண்ணும் பேட்ச் எண்ணும் உள்ள பாக்கெட்டாக வாங்குங்கள். அந்தப் பேட்ச்சுக்கான ஆய்வுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி ஃபைலில் போடுங்கள். 98 சதவீதத்துக்குக் குறையாத தூய்மை இருக்க வேண்டும். தூள் வெள்ளை வெளேரென்று இருக்கும். பழுப்பு ஏறியிருந்தால் வெயில் தின்றுவிட்டது என்று அர்த்தம், அதைத் தொடாதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் வைக்கிற பொருள் இல்லை இது. அடுப்படியிலிருந்து தள்ளி, காற்றுப் புகாத டப்பாவில், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். ஒரு கிலோவாக வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். 100 கிராம் இருந்தால் எனக்கு மாதக்கணக்கில் வருகிறது.

எவ்வளவு போடுவது? பெரும்பாலானவர்கள் சறுக்குகிற இடம் இது. ஒன்றேகால் கிலோ சீனியை 600-ஆல் வகுத்தால் 2.08 கிராம் வரும். "சரி, இரண்டு கிராம் போட்டால் போதும்" என்று நானும் முதலில் போட்டேன். ஆனால் சீனியின் எடை இப்போது சரக்கில் இல்லையே! மூன்றரை கிலோவுக்குப் போக வேண்டிய இனிப்பு இரண்டேகால் கிலோவுக்குள் இறங்கிவிட்டது. வாயில் வைத்தால் திகட்டியது, தொண்டையில் அரை மணி நேரம் நின்றது. கணக்குப் பார்த்தால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 890 மில்லிகிராம். நம் நாட்டு விதியில் அல்வா, மைசூர்பாகு, பேடா, பால் இனிப்பு வகைகளுக்குச் சுக்ராலோஸ் உச்ச வரம்பு கிலோவுக்கு 750 மில்லிகிராம். ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், வெறும் வகுத்தல் கணக்கை நம்பியே சட்டத்தை மீறியிருக்கிறேன்.

அதனால் பால் அளவையோ பழைய சீனி அளவையோ வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இறக்கிய சரக்கின் எடைதான் கணக்கு. சீனி போட்ட பால்கோவாவின் இனிப்பை அப்படியே கொண்டுவர வேண்டுமானால் கிலோவுக்கு 600 மில்லிகிராம் வரும். நான் போடுவது 400. சுண்டிய பாலின் சொந்த இனிப்பே சீனியில்லாச் சரக்கில் தூக்கலாக இருக்கும். சுக்ராலோஸின் இனிப்பும் நாக்கில் நீண்ட நேரம் தங்கும். 400-ல் பால் வாசனை முன்னால் வருகிறது, இனிப்பு பின்னால் வருகிறது. உங்கள் கைப்பக்குவத்துக்கு 350-ம் சரியாக இருக்கலாம். கீழிருந்து ஏறுங்கள், மேலிருந்து இறங்காதீர்கள். விதிகளை அவ்வப்போது திருத்துவார்கள், லைசென்ஸ் புதுப்பிக்கும் சமயத்தில் வரம்பை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டேகால் கிலோவுக்கு 400 வீதம் என்றால் மொத்தம் 900 மில்லிகிராம். ஒரு கிராம்கூட இல்லை. இதைக் கடைத் தராசில் நிறுக்க முடியாது. நிறுத்தாலும் அந்தச் சிட்டிகைத் தூளைச் சட்டி முழுக்கச் சமமாகப் பரப்ப முடியாது. கரைசலாக்கினால்தான் முடியும். நகைக்கடையில் வைத்திருப்பார்களே, ஒரு கிராமை நூறாகப் பிரித்துக் காட்டும் தராசு, அது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 5 கிராம் சுக்ராலோஸை நிறுத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, அளவுக் குவளையில் மொத்தம் 100 மில்லி ஆகும்வரை தண்ணீர் சேருங்கள். எளிதில் கரைந்துவிடும், கண்ணாடி மாதிரித் தெளிவாக நிற்கும். இப்போது ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் இருக்கிறது. 900 மில்லிகிராமுக்கு 18 மில்லி. மருந்துக் கடையில் 20 மில்லி சிரிஞ்ச் புதிதாக வாங்கி, ஊசியை எறிந்துவிட்டு, அதை இதற்கென்றே வைத்திருக்கிறேன். மிச்சக் கரைசலை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளோடு முடித்துவிடுவேன். அதற்கு மேல் வைப்பதில்லை.

பால் சுண்டி, சட்டியின் ஓரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே அடுப்பிலிருந்து இறக்குங்கள். சீனி இருந்தால் அது சரக்குக்கு இளக்கம் கொடுக்கும். இங்கே அது இல்லாததால் வழக்கமான பதத்தில் இறக்கினால் ஆறியதும் ரப்பர் மாதிரி ஆகிவிடும். இறக்கி, எடை போட்டு, ஆவி அடங்கும்வரை ஐந்து நிமிடம் கிளறுங்கள். அப்புறம் கரைசலை மூன்று பங்காக்கித் தெளியுங்கள். ஒவ்வொரு பங்குக்கும் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிக் கிண்ட வேண்டும். சீனி என்றால் இளகி ஓடித் தானே பரவிவிடும். இது நாம் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தில்தான் இருக்கும்.

சரியாகக் கலந்ததா என்று கண்ணுக்குத் தெரியாதே, எப்படிப் பழகுவது? நான் முதல் நாலைந்து சட்டிக்குக் கரைசலில் குங்குமப்பூ ஊறிய தண்ணீரைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். வெள்ளைச் சரக்கில் மஞ்சள் திட்டு எங்கே நிற்கிறதோ அங்கே இனிப்பும் குவிந்து நிற்கிறது. எங்கள் மாஸ்டர் முப்பது வருஷம் கரண்டி பிடித்தவர். "கலந்தாச்சு" என்று அவர் நிறுத்திய பிறகும், சட்டியின் வளைவில் விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் கோடு இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து இன்னொரு நூறு புரட்டு என்று அவரே கணக்கு வைத்துக்கொண்டார். இப்போது குங்குமப்பூ தேவைப்படுவதில்லை. நான்கு மூலையிலும் நடுவிலும் எடுத்து ருசி பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இறக்கிய பிறகு சேர்ப்பதற்கு இன்னொரு முக்கியக் காரணமும் இருக்கிறது. ஜெர்மனியின் உணவு இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-ல் ஒரு கருத்து வெளியிட்டது. சுக்ராலோஸை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால், அது சிதைந்து உடம்புக்கு ஆகாத குளோரின் சேர்மங்கள் உருவாகக்கூடும் என்றும், சூடாக்கி முடித்த பிறகு சேர்ப்பது நல்லது என்றும் சொன்னது. ஈரம் உள்ள சரக்கு நூறு டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது; ஆனால் விறகு அடுப்பில் சட்டியின் அடி வேறு கதை. அங்கே தீயும் சரக்கில் சுக்ராலோஸ் இருக்கக்கூடாது.

இதே காரணத்தால்தான் மைசூர்பாகில் இதைப் போட வேண்டாம் என்கிறேன். கொதிக்கிற நெய்யை ஊற்ற ஊற்றத்தான் அது பொங்கி வரும். அந்த நெய் 120-ஐத் தாண்டி நிற்கும். அதோடு மைசூர்பாகின் கூடு கட்டுவதே பாகுதான். கம்பிப் பதமும் இரட்டைக் கம்பிப் பதமும் சீனி கொடுக்கிறவை. 600 மடங்கு இனிப்பு கொடுக்கிற பொருளால் ஒரு கம்பிகூட இழுக்க வராது. ஜாங்கிரி, குலாப்ஜாமூன், பூந்தி லட்டு எல்லாம் இதே வகை. அங்கே பாகின் இடத்தில் மால்டிட்டால், ஐசோமால்ட் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களைப் போடுகிறார்கள். போதை தருகிற ஆல்கஹால் இல்லை, வேதியியல் பெயர் அப்படி. மால்டிட்டால் சீனியில் 90 சதவீத இனிப்பு கொடுக்கும், பாகும் வரும். ஆனால் அதற்கும் கலோரி உண்டு, ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும், கொஞ்சம் அதிகமானால் வயிற்றைக் கலக்கிவிடும். சரக்கில் பத்து சதவீதம் அல்லது அதற்கு மேல் போட்டால் பேதியாகலாம் என்று லேபிளில் எழுத வேண்டும். சர்க்கரை நோயோடு வருகிற வயதானவர்களுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, நான் செய்வதில்லை.

சுக்ராலோஸுக்கு ஒத்துவருகிற இன்னொரு சரக்கு மாலாடு. பாகும் இல்லை, அடுப்பும் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் இங்கே கரைசல் உதவாது, மாவு ஈரமாகிக் கெட்டுப் போகும். நெய்யிலும் சுக்ராலோஸ் கரையாது. ஆகவே காய்ந்த தூளாகவே பத்துப் பத்தாகக் கலக்க வேண்டும். ஒரு கிலோ மாலாடுக்கு 0.4 கிராம் சுக்ராலோஸ். அதை முதலில் 4 கிராம் பொட்டுக்கடலை மாவோடு சின்னக் கிண்ணத்தில் நன்றாகக் கலந்துவிடுங்கள். அதை 40 கிராம் மாவோடு கலங்கள். பிறகு மொத்த மாவோடு. ஒவ்வொரு தடவையும் சலிக்க வேண்டும். கடைசியாக மூன்று தடவை. அதற்குப் பிறகுதான் உருக்கிய நெய். சீனித் தூள் இல்லாததால் மாவு வாயை அப்பும். நான் கால் பங்கு மாவை எடுத்துவிட்டு முந்திரித் தூள் சேர்க்கிறேன், நன்றாக வருகிறது. பொட்டுக்கடலையிலும் இயற்கையாகக் கொஞ்சம் சர்க்கரை உண்டு. இதையும் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்காமல் சுகர் ஃப்ரீ என்று எழுதாதீர்கள்.

மற்ற இனிப்பூட்டிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாக்ரின் மலிவு, ஆனால் நாக்கில் உலோகக் கசப்பு தங்கும். அஸ்பார்ட்டேம் சூட்டில் சிதைந்து இனிப்பை இழக்கும். பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது, லேபிளில் அதை எழுதியே ஆக வேண்டும். 2023 ஜூலையில் "செயற்கை இனிப்பில் புற்றுநோய்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதே, அது அஸ்பார்ட்டேமைப் பற்றியது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச அமைப்பு அதை "ஒருவேளை காரணமாகலாம்" என்ற பிரிவில் வைத்தது. அதே சமயம் உணவுச் சேர்க்கைகளுக்கான சர்வதேச நிபுணர் குழு, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. அந்தச் செய்தி வந்த வாரம் என் கடையில் சுக்ராலோஸ் சரக்கை யாரும் தொடவில்லை. ஒவ்வொருவரிடமும் இரண்டும் வேறு வேறு பொருள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

சுக்ராலோஸுக்கு அந்தச் சர்வதேசக் குழு வைத்த தினசரி வரம்பு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இன்னும் கறாராக 5 என்று வைத்திருக்கிறது. நான் அந்த 5-ஐத்தான் எடுத்துக்கொள்கிறேன். 60 கிலோ எடையுள்ள ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம். என் பால்கோவாவில் 50 கிராமுக்கு 20 மில்லிகிராம்தான் இருக்கிறது. 750 கிராம் தின்றால்தான் வரம்பைத் தொடும். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வரம்பு 75 மில்லிகிராம். 190 கிராம் சாப்பிட்டாலே வந்துவிடும். அன்றைக்குக் குளிர்பானமோ பிஸ்கட்டோ வேறு உள்ளே போயிருக்கும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து இதைக் கேட்டால், சீனி போட்டதிலேயே சின்னத் துண்டு கொடுத்து அனுப்புகிறேன்.

உடம்பு இளைக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடமும் நேராகச் சொல்லிவிடுவேன். எடையைக் கட்டுப்படுத்துவதற்காக இந்த மாதிரி இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் வழிகாட்டியது. ஏற்கனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த வழிகாட்டுதல் பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. பால்கோவாவில் சீனியை எடுத்தாலும் பாலின் கொழுப்பு அப்படியே நிற்கிறது. இளைப்பதற்கான பண்டம் அது இல்லை.

கெட்டுப்போகும் விஷயத்தைச் சொல்லாவிட்டால் இந்த எழுத்துக்கே பலன் இல்லை. சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை, சரக்கின் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சையையும் கிருமியையும் அண்டவிடாமல் காப்பதும் அதுதான். என் முதல் சரக்கை வழக்கம்போல அலமாரித் தட்டில் வைத்தேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் ஓரத்தில் பச்சை படர்ந்திருந்தது. இப்போது அன்றன்றைக்கு விற்கிற அளவுதான் போடுகிறேன். ஆறிய உடனே 5 டிகிரிக்குக் கீழே உள்ள ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நாளில் முடிக்கிறேன். 2020 அக்டோபர் 1 முதல் சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று தட்டின் முன்னால் எழுதி வைப்பது கட்டாயம். சீனி போட்ட தட்டின் தேதியைப் பார்த்து இதற்கும் அதையே எழுதிவிடாதீர்கள். பெட்டியில் அடைத்து வெளியூர் அனுப்புவதாக இருந்தால், ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து, எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்த பிறகு அனுப்புங்கள்.

லேபிளில் இனிப்பூட்டியின் பெயரை எழுத வேண்டும். குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்பதும் இருக்க வேண்டும். சீனி சேர்க்கவில்லை என்று எழுதினால், இயற்கையான சர்க்கரை உள்ளது என்பதையும் கூடவே எழுத வேண்டும். பொடி எழுத்தில் ஒளித்து வைக்காதீர்கள். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கண் மங்கியவர்கள்.

எங்கள் பலகையில் இப்போது இப்படி இருக்கிறது: "சீனி சேர்க்காத பால்கோவா. சுக்ராலோஸ் சேர்த்தது. பாலின் இயற்கைச் சர்க்கரை 50 கிராமில் சுமார் 11 கிராம். குழந்தைகளுக்கு வேண்டாம்." எழுதி மாட்டிய அன்று வாத்தியாரை வரச்சொல்லிக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரிவரை படித்தார்.

"அப்ப நூறு கிராம் போடு தாயி. ரெண்டு நாளைக்கு வச்சுக்கிறேன்."

ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லி, தேதி எழுதிக் கொடுத்தேன்.